கமர்ஜஹான் பால் கொடுத்த வருஷம்

கமர்ஜஹான் அக்கா நிறைகுடம் தூக்கமாட்டார். அரைக்குடம்தான். அதையும் இடுப்பில் வைக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பார். நான் திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அறுபத்தேழில். அவருடையது எதிர்வீடு. முப்பது வயதுகூட ஆகாத பெண், முதுகு லேசாகக் கூனி, குடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு கிணற்றடியில் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? எனக்குச் சும்மாவே வாய் நிற்காது. கேட்டேன். உடனே சொல்லிவிடவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிய மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மிச்சத்தை அவர் மாமியார் சொன்னார், தெருவும் சொன்னது. கேட்டு முடித்தபோது யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்துதான் அந்தப் பெண்ணை அந்தப் பாடு படுத்தியிருக்கிறார்கள்.

அப்போது அவருக்கு இருபது வயதுதான். அதனால் கமர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அக்கா கோபித்துக்கொள்ளமாட்டார்.

கமரின் அத்தா முகமது பாரூக் அய்யலூர்க்காரர். சந்தைக்கு வருகிற ஆட்டுத்தோலை வாங்கித் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு அனுப்புகிறவர். மச்சு வீடு, ஒரு மகன், ஒரு மகள். மகன் அப்பாஸ் அத்தாவோடு தொழிலில் இருந்தான். மகளைத் திண்டுக்கல்லில் அப்துல் லத்தீப்புக்குக் கொடுத்தார்கள். லத்தீப் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற ஆள். நல்ல உயரம். ஈரத்தோல் கட்டைத் தூக்கித் தூக்கிக் கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். பேச்சு குறைவு. ஆனால் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அதற்குக் காரணம் அவர் அம்மா காதர் பீவி. அவருக்குக் காது மந்தம். "சோறு போடுங்க" என்பதைக்கூட அந்த வீட்டில் கத்தித்தான் சொல்லவேண்டும். சின்ன வயதிலிருந்து கத்திப் பழகிய மனிதருக்குப் பெண்டாட்டியிடம் மட்டும் மெல்லப் பேச எங்கிருந்து வரும்? புதிதாக அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் வாரம் அங்கே தினமும் சண்டை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அறுபதில் கமர் தலைப்பிரசவத்துக்கு அய்யலூர் போனாள். பெண் குழந்தை, உம்மு சல்மா. பால் பொங்கி வந்தது. அம்மா நசீம் பானுவுக்கு அதில் அம்புட்டுப் பெருமை. நாற்பது நாளும் மகளை உள்ளறையைவிட்டு வெளியே விடவில்லை. ஜன்னல் சாத்தியே கிடந்தது. பூண்டும் மிளகு ரசமும் சோறும் போட்டார். பால் ஆகாது, மோர் ஆகாது, கீரை ஆகாது, பழம் ஆகாது. தாய் தின்றால் பிள்ளைக்குச் சளி கட்டும். இது நசீம் பானுவாகக் கண்டுபிடித்தது அல்ல, ஊரே அப்படித்தான் செய்தது.

அந்த உள்ளறையில்தான் முதல் தடவை. தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் குனிந்து தூக்கும்போது முதுகில் என்னவோ இறங்கியது. இறங்கியது என்றுதான் கமர் சொல்வாள். அடுக்கி வைத்த சாமானில் ஒன்று நசுங்கி, மேலே இருப்பது ஒரு விரற்கடை கீழே வந்தது போல. மூச்சு விட முடியவில்லை. கத்தினால் பிள்ளை விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாயுப் பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

மூன்றாம் மாதம் கணவன் வீட்டுக்கு வந்தாள். வலி கூடவே வந்தது. படுத்தால் புரள முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. பிள்ளை பால் இழுக்கிறபோதெல்லாம் முதுகுத்தண்டுக்குள்ளிருந்து எதுவோ இழுபட்டுப் போகிற மாதிரி அவளுக்கு இருந்தது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு வருகிறதே, நான் என்ன தாய் என்று அவளுக்கு அவள் மேலேயே பயம் வந்துவிட்டது. பிள்ளை பசித்து அழும்போது உடம்பு ஒரு தரம் நடுங்கும். நடுங்கிக்கொண்டே எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள்.

ஐந்தாம் மாதம் இருமினாள். சாதாரண இருமல். தோல் ஷாப்பு இருக்கிற ஊரில் இருமாதவர் யார்? விலாவில் 'டக்' என்று கேட்டது. லத்தீப்புக்கே கேட்டதாம். காதர் பீவி பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினார். பற்றை எடுத்தபோது விலா முழுக்கக் கருநீலமாகக் கறை பிடித்திருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அதைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். முந்தின வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் செத்துப்போயிருந்தாள். பேர் வேண்டாம். கண் வீங்கினால் 'விழுந்துட்டேன்' என்பாள். பல் போனால் 'விழுந்துட்டேன்' என்பாள். ஜமாத்தும் நம்பியது. நம்புவது வசதியாகவும் இருந்தது. ஒரு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் செய்யும் முன் மய்யத்தைக் குளிப்பாட்டப் போன பெண்கள் அந்த உடம்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். குளிப்பாட்டியவர்களில் இரண்டு பேர் கமரின் பக்கத்து வீட்டுக்காரிகள். இனிமேல் எந்தப் பெண் விழுந்துட்டேன் என்று சொன்னாலும் அப்படியே விடுவதில்லை என்று பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி அங்கே வைத்தே சொல்லியிருந்தார். ஆகவே அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு வந்தது கை. கமர் பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. "என்னங்க, செத்த கையக் குடுங்க" என்றாள். லத்தீப் பிள்ளையை வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். பாதி எழுந்திருப்பாள். மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்தது. ஒடிந்ததை அவர் தன் உள்ளங்கைக்குள்ளேயே உணர்ந்தார். அவள் போட்ட சத்தத்துக்கும், அதற்கு மேல் அவர் போட்ட "கமரு!" என்ற சத்தத்துக்கும் தெரு வாசலுக்கு வந்துவிட்டது.

எலும்புக்குக் கட்டுப் போடுகிற இருளப்பனைக் கூட்டிவந்தார்கள். கைராசிக்காரர். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். கட்டி முடித்து, "எப்படித்தா ஒடிஞ்சது?" என்று கேட்டார்.

"எந்திரிக்கக் கை குடுத்தாக. ஒடிஞ்சிருச்சு."

இருளப்பன் லத்தீப்பின் கையைப் பார்த்தார். "எளவயசு எலும்பு தாயி இது. சும்மா புடிச்சதுக்கெல்லாம் ஒடியாது. முறுக்கி இழுத்தாத்தான் இப்படி ஒடியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொழிலில் பார்த்தது அதுதான். அன்று சாயங்காலமே அந்தப் பேச்சு தெருவைச் சுற்றிவந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளில் ஒருத்தி அய்யலூருக்கு ஆள் சொல்லிவிட்டாள்.

பாரூக்கும் அப்பாஸும் வந்து இறங்கினார்கள். கட்டுப் போட்ட கையையும் கூனிய முதுகையும் பார்த்ததும் பாரூக் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாஸ்தான் கத்தினான். "தோல இழுக்குற மாதிரி என் தங்கச்சிய இழுத்தீகளா மச்சான்?" லத்தீப்புக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். தன் பலம் தனக்கே தெரியாமல் இழுத்துவிட்டோமோ என்று. அந்தக் கையை அவர் தானே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள், குற்றம் செய்தவனின் முகம் இது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜமாத்து கூடியது. பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஆண்கள். வாசலில் திரை. திரைக்குப் பின்னால் கமர், மடியில் பிள்ளை. முத்தவல்லி நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "பயப்படாமச் சொல்லும்மா. ஒனக்குப் பின்னால நாங்க இருக்கோம். கை எப்படி ஒடிஞ்சது?"

கமர் இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னால் கணவன் கையில் ஒடிந்தது என்று வரும். அது அவரைக் கொண்டுபோய்ப் போடும். சொல்லாவிட்டால் மறைக்கிறாள் என்று வரும். பெண் பக்கம் கேட்கிற மணமுறிவான குலாவை வாங்கிக் கொடுத்து அத்தா தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் தகப்பன் பக்கம் கேட்பார்கள். அப்புறம் அவர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம். எல்லாம் ஒரு பதிலில் இருக்கிறது. நெஞ்சு அடித்த அடியில் இன்னொரு விலா ஒடிந்துவிடுமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியதாம்.

"மச்சுப்படியில வழுக்கி விழுந்தேன்" என்றாள்.

லத்தீப் வீட்டுக்கு மச்சு கிடையாது. ஓட்டு வீடு. பயத்தில் அவள் வாயில் வந்தது பிறந்த வீட்டு மச்சுப்படி. திரைக்கு அந்தப் பக்கம் நிலவிய அமைதியில்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. "இல்ல... இல்ல, அவுக கையக் குடுத்தாக, நான் எந்திரிச்சேன்..." என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். யார் கேட்கிறார்கள்? விழுந்தேன் என்று சொன்ன பெண்ணை ஏற்கெனவே ஒரு தடவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள் அவர்கள்.

லத்தீப்பைக் கேட்டார்கள். "தூக்கித்தான் விட்டேன்" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதையும் வழக்கம்போலச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தார்.

கமரை அத்தா வீட்டுக்கு அனுப்புவது, ஜமாத்து கூப்பிடும் வரை லத்தீப் அந்தப் பக்கம் போகக்கூடாது, ரமலான் முடிந்ததும் குலா பற்றிப் பேசுவது என்று முடிவானது. பஸ் ஏறும்போது லத்தீப் தூரத்தில் நின்றார். "பிள்ளைய அவ கையில குடுக்காதீக. மடியில வையுங்க" என்று மட்டும் சொன்னார். அதையும் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டான் அப்பாஸ்.

அய்யலூரில் கமருக்கு ஒன்றும் ஒடியவில்லை. கொடுமையே அதுதான். ஒரு செம்பைத் தூக்கவிடவில்லை அம்மா. பிள்ளையை எடுத்து மடியில் போடுவதும் திரும்ப எடுப்பதும் நசீம் பானுதான். மெத்தை மேல் மெத்தை. கை கட்டு பிரித்தார்கள், கூடியிருந்தது. வலி மட்டும் போகவில்லை. மச்சுப்படி ஏறினால் இடுப்புக்குள் கத்தி இறங்கியது. சொன்னால், "அவன் செஞ்ச வேலை, ஆறுறதுக்கு நாளாகும்" என்றார்கள். ஒவ்வொரு நாள் நன்றாகப் போகும்போதும் அப்பாஸ் அத்தாவிடம் சொல்வான். "பாத்தீகளாத்தா? அந்த வீட்ட விட்டு வந்து இவளுக்கு ஒரு நகம் ஒடையல." அவன் தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவன். அந்த அன்பை எடுத்துக் கிணற்றில் போட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"அண்ணே, அவுக என்னைய ஒரு நாளும் அடிச்சதில்ல" என்று கமர் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

"அடி வாங்குற பொம்பள வேற என்ன சொல்லுவா?" என்பான் அவன்.

அடித்தார் என்றால் அடித்தார். அடிக்கவில்லை என்றாலும் அடித்தார். தன் வாயில் வருகிற எந்தச் சொல்லும் இனிச் செல்லாது என்று அவளுக்குப் புரிந்துபோனது. அப்போது வந்தது ஒரு நினைப்பு. அதை என்னிடம் சொல்லும்போது, அத்தனை வருஷம் கழித்தும், அக்கா கிள்ளிய மிளகாயைக் கீழே வைத்துவிட்டார். வாயால் சொல்லி நம்பமாட்டார்கள். எலும்பு சொன்னால் நம்புவார்கள். அவர் இல்லாத இந்த வீட்டில் ஒன்று ஒடியவேண்டும்.

அதுவரை ஒடிந்துவிடுமோ என்று பயந்தவள் இப்போது ஒடியாமல் போய்விடுமோ என்று பயந்தாள். தொழுகைப் பாயில் கையேந்தி, "யா அல்லா, இங்க வச்சு ஒண்ண ஒடிச்சுக் குடு" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இப்படியும் ஒரு துஆ உண்டா, இதற்கு என்ன தண்டனை வருமோ என்று உடம்பெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருப்பாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அம்மிக்கல்லுக்கு மேல் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தானே ஒடித்துக்கொண்டால் அதுவும் ஒரு மச்சுப்படிதான், இன்னொரு பொய். கையை இறக்கிவிட்டாள். பிள்ளை பசிக்கு அழுதது. எடுத்துப் பால் கொடுத்தாள். பால் இறங்க இறங்க முதுகு இழுத்தது. இழு, நல்லா இழு என்று மனசுக்குள் சொன்னாளாம். சொன்ன மறுகணம் பிள்ளையின் தலையைத் தடவித் தடவி அழுதாள்.

ரமலான் முடிந்தது. அடுத்த வாரம் ஜமாத்துக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்பார்கள், நான் வேண்டாம் என்பேன், அடி வாங்கியவள் வேறென்ன சொல்வாள் என்று அத்தா சம்மதம் கொடுத்துவிடுவார். கமருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை. நசீம் பானு மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார். பலகையில் உட்கார்ந்திருந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. "வாத்தா, மெல்ல" என்று முழங்கைக்கு மேலே இடது கையைப் பிடித்துத் தூக்கினார். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, ஒல்லி உடம்பு. அந்தப் பிடியில் ஒரு வாழைக்காய்கூடக் கன்றாது.

கை ஒடிந்தது.

நசீம் பானு பிடித்த பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டார். கைக்குள் எலும்பு இரண்டாகப் போனது அவருக்குத் தெரிந்தது. பிறகுதான் குரல் வந்தது. "அய்யோ! நான் ஒண்ணும் செய்யலயே! தூக்கித்தானே விட்டேன்! அல்லா, தூக்கித்தானே விட்டேன்!"

கமர் சிரித்தாள். வலியில் உதடு கோணிக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, ஈரத்தலையோடு சிரித்தாள். "ஆமாம்மா! தூக்கித்தான் விட்டீங்க! அவுகளும் அதத்தாம்மா செஞ்சாக! அத்தாவக் கூப்பிடுங்க! அண்ணனக் கூப்பிடுங்க! அவுக இங்க இல்ல, எல்லாரும் வந்து பாருங்க!"

மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அந்தத் தாய் முதலில் நினைத்தார். சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. இறங்கியதும் தன் இரண்டு கையையும் சேலையில் துடைத்தார், துடைத்தார், நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓடிவந்த பாரூக் விஷயம் கேட்டு மச்சுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

திண்டுக்கல்லில் நேராகத் தோல் ஷாப்புக்குப் போனான். லத்தீப் இவனைப் பார்த்ததும் தோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அப்பாஸ் வாய் திறக்கும் முன், "எந்த எலும்பு?" என்று கேட்டார். அப்பாஸ் அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். நாறிக்கிடந்த கை, சுண்ணாம்பில் வெந்து வெந்து தோலுரிந்த கை. அதைத்தான் ஊர் முழுக்கச் சேர்ந்து கொலைகாரக் கை ஆக்கி வைத்திருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து கமரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய பயம் என்பார் அக்கா. முதுகெலும்பில் மூன்று நசுங்கியிருந்தன. விலாவில் பழைய முறிவு. எலும்பே படத்தில் புகை மாதிரித்தான் தெரிந்தது.

"பால்ல போற சுண்ணாம்புச் சத்து சாப்பாட்டுல இருந்து வரணும்மா. பத்தாட்டி உடம்பு எலும்புல இருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும். நெறையத் தாய்மாருக்கு இது கொஞ்சம் நடக்கும், திரும்பியும் ஏறிக்கும். ஒனக்கு ஏன் இப்படி ஒடியிற அளவுக்குப் போச்சுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. பால் கொடுக்கிறத நிறுத்து. பால், மீன், கீரை எல்லாம் சாப்பிடு. காலை வெயில்ல உட்காரு. கூடிரும்."

பிள்ளை இழுக்கும்போது முதுகு இழுத்தது பொய்யல்ல, தனக்குப் பைத்தியமும் அல்ல என்று கேட்டபோது வந்த நிம்மதியோடு இன்னொன்றும் வந்தது. இனிப் பிள்ளைக்குப் பால் இல்லை. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாள். உம்மு சல்மா வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து, தாயை ஏறிட்டுப் பார்த்து வீறிட்டாள். ஆட்டுப்பால் கொடுத்தார்கள், துப்பினாள். கமர் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறையில் கிடந்தாள். தனக்குக் கூடவேண்டும் என்று பிள்ளையைப் பட்டினி போடுகிறோமோ என்ற பயம் பல நாள் தின்றது. பிறகு பிள்ளை ஆட்டுப்பாலுக்குப் பழகிக்கொண்டது. பிள்ளைகள் பழகிக்கொள்ளும். பெரியவர்களுக்குத்தான் நாளாகும்.

ஜமாத்தில் பாரூக்கே எழுந்து நடந்ததைச் சொன்னார். முத்தவல்லி லத்தீப்பைக் கட்டிப்பிடித்து, கைகோத்து முசாபஹா செய்தார். தெருவில் எல்லாரும் லத்தீப்பைத் தங்கமான மனிதர் என்றார்கள். முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

ஒரு வருஷம் ஆயிற்று. கமருக்கு வலி குறைந்தது. நசுங்கிய முதுகு நிமிரவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த பாவாடை தரையைத் தொட்டது, அவ்வளவு உயரம் குறைந்துவிட்டாள். ஆனால் எதுவும் ஒடியவில்லை. மதுரை டாக்டர் புதுப்படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கு, பயப்பட வேண்டாம்" என்றார்.

பயம் அவளைவிட்டு இறங்கி லத்தீப் மேல் ஏறியிருந்தது. திரும்பக் கூட்டிவந்த நாளிலிருந்து அவர் கமரைத் தொடவில்லை. டீயைக் கொடுத்தால் கீழே வைக்கச் சொல்லிப் பிறகுதான் எடுப்பார். பிள்ளையை வாங்கவேண்டுமானால் தரையில் விடச் சொல்வார். பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டார். வழியில் எதிரே வந்துவிட்டால் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழிவிடுவார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. எங்கே குலாவில் போய்விடுமோ என்று பயந்து எதைக் காப்பாற்றினாளோ, அது வீட்டுக்குள்ளேயே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இவர் இப்படியே இருந்துவிட்டால்? இன்னும் முப்பது, நாற்பது வருஷம் இந்த வீட்டில் இரண்டு பேர் தொடாமலே இருந்து சாவதா? எலும்பு ஒடிந்த நாட்களில்கூட அவள் அப்படி நடுங்கவில்லை.

ஒரு மத்தியானம். அடுப்பில் சோறு கொதிக்கிறது. காதர் பீவி பேத்தியோடு உள்ளே தூங்குகிறார். லத்தீப் சாப்பாட்டுக்கு வந்து நிற்கிறார். கமர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வலது கையை, அதே கையை, அவருக்கு நேராக நீட்டினாள்.

"புடிங்க. எந்திரிக்கணும்."

லத்தீப்பின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. "சுவத்தப் புடிச்சு எந்திரி கமரு."

"மாட்டேன்."

"ஒடிஞ்சிருச்சுன்னா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும். ஒங்களுக்கு வாக்கப்பட்டு வந்தேனா, சுவத்துக்கு வாக்கப்பட்டு வந்தேனா? நீங்க புடிக்காம நான் எந்திரிக்கிறதா இல்ல. சோறு தீயட்டும், வீடு தீயட்டும்."

சோறு கொதித்து வழிந்தது. கமர் கையை இறக்கவில்லை. நீட்டிய கை வலிக்க வலிக்க மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். அதைப் பார்க்க மாட்டாமல்தான் அவர் குனிந்தார். இரண்டு விரலால் தொட்டார்.

"கோழிக்குஞ்சையா புடிக்கிறீக? நல்லாப் புடிங்க."

பிடித்தார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மெல்ல இழுத்தார். கமர் அந்தக் கையில் தன் முழு பாரத்தையும் போட்டு எழுந்தாள். எழுந்து நேராக நின்றாள்.

"கண்ணத் தொறங்க" என்றாள். "கைய விடுங்க, சோறு குழையுது."

அவர் விடவில்லை.